பகோடா பாயிண்ட்டில் எந்த ஊர் என்று கேட்டார்கள்

ஏற்காட்டில் ஆறு வருஷம் குடியிருந்தும் ஏற்காட்டைப் பார்க்காதவள் நான். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால், ஏரிப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறவரின் பெண்டாட்டிக்கு அடுப்பில் இரண்டு உலை கூடுதலாக ஏறும், அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், மே மாத சீசன் என்று சேலமும் ஈரோடும் பஸ் ஏறி மேலே வரும் நாட்களில் நான் அடுப்படியை விட்டு நகர முடியாது. மற்ற நாட்களில் நகரலாம். ஆனால் என் வீட்டுக்காரர் நகர மாட்டார். "அங்க என்ன புள்ள இருக்குது? பாறையும் பனியும்" என்பார். ஏதோ தினமும் போய் எண்ணிவிட்டு வருகிறவர் மாதிரி சொல்வார்.

எனக்குக் கல்யாணமானது எழுபதுகளின் கடைசியில். ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்காது. சந்தை என்றால் சந்தைக்கு, தேர் என்றால் தேருக்கு, ஒன்றுமில்லை என்றால் அடுத்த தெருவில் எவர் வீட்டு மாடோ கன்று போட்டதைப் பார்க்க. "காலுல சக்கரத்தக் கட்டிட்டுப் பொறந்திருக்கறா" என்று அம்மா திட்டுவாள். ஏற்காட்டு மாப்பிள்ளை என்று ஜாதகம் வந்தபோது சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு மூக்கை நுழைத்தார்கள். அப்பன் இல்லாத பெண்ணை மலை மேல் கொண்டுபோய்த் தள்ளுகிறாளே, ஏனென்று கேட்க அங்கே நாதி உண்டா என்றார்கள். அம்மா அசையவில்லை. "எம் பொண்ணு ஊட்டுக்குள்ள அடங்கிக் கெடக்கற பொண்ணு இல்லீங்க. மலைன்னா நாலு எடம் சுத்திப் பாத்துட்டு சந்தோசமா இருப்பா" என்று தெருவே கேட்கச் சொல்லி என்னைக் கொடுத்துவிட்டாள். எனக்கும் அதுதான் எண்ணம். தினம் சாயங்காலம் ஏரியில் படகில் போவேன் என்றே நினைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வந்து பார்த்தால் ஒரு அடுப்படி. பின்பக்கம் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் நடுத்தண்டு. உச்சியும் தெரியாது, அடியும் தெரியாது. ஆறு வருஷம் அந்த நடுத்தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மெஸ்ஸில் ஒரு வழக்கம். காலை பஸ்ஸில் இறங்குகிறவர்கள் வந்து "எட்டு சாப்பாடுங்க" என்று சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போவார்கள். மத்தியானம் திரும்பி வந்து உட்காரும்போது இலை தயாராக இருக்க வேண்டும். சீக்கிரம் வந்தால் சோறு வெந்திருக்காது, தாமதமானால் ஆறிவிடும். அதனால் எங்கெங்கே போகிறார்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு வைத்துக்கொள்வது என் வேலை. கேட்கக் கேட்க எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. கிளியூர் அருவிக்குப் போனவர்கள் செருப்பில் செம்மண் அப்பியிருக்கும், ஏறி வந்த களைப்பில் முதலில் தண்ணீர் கேட்பார்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போனவர்கள் நெற்றியில் திருநீறு. லேடீஸ் சீட்டுக்குப் போன பெண்களின் தலைமுடியைப் பார்த்தாலே போதும், காற்று எப்படி அடித்தது என்று தெரிந்துவிடும். ரசம் ஊற்றும்போது, "ஏனுங்க, என்ன பாத்தீங்க?" என்று மெல்லக் கேட்பேன். வயிறு நிறைந்தவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

பிறகு நானே வழி சொல்ல ஆரம்பித்தேன். "மொதல்ல ஏரிக்குப் போவாதீங்க. அது எங்கயும் ஓடிப் போவாது. பனி எறங்கறதுக்குள்ள பகோடா பாயிண்ட் போயிருங்க. அப்பறம் கோயிலு. சாப்பிட்டுப் போட்டு லேடீஸ் சீட்." வருஷா வருஷம் வரும் சேலத்துக் குடும்பங்கள் பெட்டியை இறக்கும் முன்பே என்னைத்தான் தேடுவார்கள். அக்காவைக் கேட்டால் அத்தனையும் சொல்லும் என்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் படியிறங்கிப் போன பிறகு கை வேலையில் நிற்காது. இந்நேரம் முதல் திருப்பம் போயிருப்பார்கள், இந்நேரம் கடலை வாங்கியிருப்பார்கள் என்று மனசு அவர்கள் பின்னாலேயே ஓடும். பருப்பு அடிப்பிடித்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டதற்கும் இல்லை.

கடிதத்தில் பொய் எழுத ஆரம்பித்தது முதல் வருஷத்திலேயே. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் எங்கள் வாசலில் நின்று படித்துக் காட்டுவார், அம்மா சொல்லும் பதிலையும் அவரே எழுதுவார். அவர் குரல் கொடுத்தால் தெருவே கூடிவிடும். "எல்லாம் சுற்றிப் பார்த்தாயா என்று தெருவில் கேட்கிறார்கள்" என்று முதல் கடிதத்தில் அம்மா கேட்டிருந்தாள். கேட்டது யார் என்று எனக்குத் தெரியாதா? மூக்கை நுழைத்த அதே ஆட்கள்தான். பார்க்கவில்லை என்று நான் எழுதினால் தபால்காரர் அதையும் உரக்கத்தான் படிப்பார். அம்மா அவர்கள் முன்னால் தலை குனிய வேண்டும்.

அதனால் எழுதினேன். சாப்பிட வந்தவர்கள் சொன்னதையெல்லாம் எனக்கு நடந்ததாக எழுதினேன். பகோடா பாயிண்ட்டில் பாறைகள் கோயில் கோபுரம் மாதிரி வானத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கே கடலை விற்பவருக்கு என்னை நன்றாகத் தெரியும், எப்போது போனாலும் ஒரு பிடி அதிகமாகப் போடுவார். லேடீஸ் சீட்டில் வெள்ளைக்காரச்சி உட்காரக் கருங்கல்லில் நாற்காலி செதுக்கியிருக்கிறது, நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் சேலம் முழுக்கத் தெரியும், மேட்டூர் டேம் தண்ணீர் தகடு மாதிரி மின்னும். இன்லண்ட் லெட்டரில் மடிக்கும் ஓரம் வரைக்கும் எழுதுவேன். எழுதி முடித்தால் நிஜமாகவே போய் வந்த மாதிரி கால் வலிக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு மஞ்சள் பை. ஒரு தகவல் இல்லை. "கடுதாசி போட்டா மலை குளுரும், வராதேன்னு நீ எழுதுவ. அதான் சொல்லாம வந்தன்" என்றாள். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, போன மாசம் நீங்க இவளக் கூட்டிட்டுப் போனீங்கல்ல, அந்த நாக்காலிப் பாறை, அதப் பாத்துட்டு சாயங்கால பஸ்ஸுக்கே நான் போயிக்கறனுங்க. தெருவுல சொல்லிட்டு வந்திருக்கறேன்" என்றாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். மனிதர் என்ன நினைத்தாரோ, "ஆமாங்கத்தை, போனமுங்க" என்று சொல்லிவிட்டார். பிறகு அடுப்படிக்குள் வந்து, "என்ன புள்ள இது? நான் எப்ப உன்னக் கூட்டிட்டுப் போனேன்?" என்று கேட்டார். "அதத்தான் ஆறு வருசமா நானும் கேக்கறேன்" என்றேன். சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். சாம்பார் ஏற்கனவே கொதித்துவிட்டது, மத்தியானத்துக்குப் பதினொரு மணிக்குள் வந்தால் போதும், போய் வா என்றார்.

எங்களிடம் தினமும் சாப்பிடும், பக்கத்து மஞ்சக்குட்டை கிராமத்து ஜீப்காரர் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஜீப்காரருக்கு நான் எங்கேயும் போகாதவள் என்று தெரியும். "அக்கா இன்னைக்கு எந்தப் பக்கமுங்க போறீங்க, வழி சொல்லுங்க, வண்டிய விடறேன்" என்று அவர் கிண்டலாகச் சொன்னதைக் கேட்டு அம்மா ஊர்ப்பட்ட பெருமையோடு என்னைப் பார்த்தாள். வண்டி கிளம்பியதிலிருந்து நான் வாயை மூடவில்லை. அது இன்னார் எஸ்டேட், இது இன்ன மரம், இதோ ஒரு திருப்பம் வரும் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திருப்பங்கள் எல்லாம் சொன்ன இடத்தில் வந்தன. சாப்பிட வந்தவர்கள் வழியை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பகோடா பாயிண்ட் ஏமாற்றிவிட்டது. பனியில் மங்கலாக நாலு கல் அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்று, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் எழுதின கோபுரத்தைத் தேடி அம்மா அண்ணாந்து பார்த்தாள். அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றுமில்லை. "பனியில மறைஞ்சிருக்குதும்மா" என்றேன். அதற்குள் கடலைக்காரர் தட்டுக்கூடையோடு எங்களிடம் வந்தார். வயதான மனிதர், தலையில் மப்ளர் சுற்றியிருந்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

"கடலை வாங்கிக்கங்க, சூடா இருக்குது" என்றவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "எந்த ஊருங்க நீங்க? எங்கிருந்து வர்றீங்க?"

ஏற்காடு என்று சொன்னால் ஏன் உங்களைப் பார்த்ததில்லை என்பார். வேறு ஊர் பெயர் சொன்னால் பக்கத்தில் அம்மா நிற்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். "ஆத்தூர்ப் பக்கமுங்க. ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் வந்தமுங்க." கடலை வாங்கினாள். அவர் அளந்து போட்டதை அப்படியே வாங்கி என் கையில் கொடுத்தாள். ஒரு பிடி அதிகம் எல்லாம் இல்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தோம். நான் கடலையை உடைத்து உடைத்து மடியில் போட்டுக்கொண்டேன், ஒன்றும் தின்னவில்லை.

அப்போதே திரும்பிவிடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் துணிச்சல் இல்லை. லேடீஸ் சீட்டுக்குப் போனோம். அங்கே பாறைகள் கிடந்தன. நாற்காலியைக் காணோம். வெள்ளைக்காரச்சி உட்கார்ந்த இடம் என்று சாப்பிட வந்த ஒரு வியாபாரி சொன்னதை நான்தான் செதுக்கின நாற்காலியாக எழுதித் தொலைத்திருந்தேன். அந்தப் பாறைகளில் எது சீட் என்றுகூட எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் தட்டையாக இருந்த ஒன்றைக் காட்டி, "இதுதாம்மா" என்றேன். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.

"மேட்டூர் டேம் எந்தப் பக்கம் கண்ணு?"

"அதோ, அப்படி."

"சேலம்?"

"இந்தா, நேரா கீழ."

கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. என் விரல் நீண்ட இடத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "தெரியுது சாமி. நல்லாத் தெரியுது" என்றாள்.

ஏன் இப்படி ஒரு பொய் எழுதினாய் என்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் எழுந்து அங்குமிங்கும் நடந்தேன். உட்காரவே முடியவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லவும் இல்லை. நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினொரு மணிக்குத் திரும்பினோம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். அம்மா கை காலைக் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் தெரிந்த மரத்தண்டைப் பார்த்தாள். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சாயங்கால பஸ் போய்விட்டது. அம்மா போகவில்லை. கடைசிப் பந்தி முடிந்து என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"மாப்ள, நாளைக்கு அடுப்படிய நான் பாத்துக்கறனுங்க. நீங்க ரெண்டு பேரும் காலையிலயே கெளம்பிப் போயிட்டு வாங்க."

"எதுக்குங்கத்தை? நாளைக்குத் திங்கக்கெழமை, இருபது சாப்பாடு..."

"எங்க ஊர்ல கல்யாணத்துக்கே ஆக்கிப் போட்டிருக்கறனுங்க. இருபது பேருக்கு ஆக்க மாட்டனா?" குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அது கேள்வியும் இல்லை. "எம் பொண்ணுக்குக் காலு நிக்காதுங்க மாப்ள. அது தெரிஞ்சுதான் மலைக்குக் குடுத்தேன்."

அவர் பாதிச் சோற்றோடு தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை விடிந்தபோது துடைத்துவிட்ட மாதிரி வானம். அதே ஜீப்பில் போய் பகோடா பாயிண்ட் திருப்பத்தில் இறங்கினோம். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் எஸ்டேட் கேட் ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றார். நான் ரோட்டிலேயே நின்றிருந்தேன்.

"ஏனுங்க, அது காப்பித் தோட்டம். வழி இந்தப் பக்கம்" என்றேன்.

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "நீங்களும் வந்ததே இல்லீங்களா?"

"எங்க நேரம்?" என்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. "எங்கப்பாரு காலத்துல இருந்து சாப்பாடு போட்டுட்டுத்தான இருக்கறோம். வந்தவங்க சொல்லுவாங்க. பாறையும் பனியும்னு."

நடு ரோட்டில் நின்று சிரித்தேன். ஆறு வருஷம் இந்த மனிதர் மேல் வைத்திருந்த ஆத்திரத்தில் பாதி அங்கேயே கழன்றது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, அதை விட மாட்டேன். அவரும் சிரித்தார். அதற்கு மேல் நான் வழி சொல்ல, அவர் வந்தார்.

வெயிலில் பார்த்தாலும் நாலு கல் அடுக்குதான். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் மலைச் சரிவு இறங்கி இறங்கிக் கீழே வயல் வரைக்கும் போனது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் கல்லைத்தான் சொன்னார்கள். நான் விளிம்பில் நின்று பார்த்தேன். கால் நின்றது.

அதே கடலைக்காரர் வந்தார். "நேத்து வந்தீங்கல்லங்க? ஆத்தூர்ப் பக்கம்?"

"இல்லீங்க, இந்த ஊருதான்" என்றார் என் வீட்டுக்காரர். "ஏரிப் பக்கம் மெஸ் வெச்சிருக்கறோம். இவ எங்க ஊட்ல."

கடலைக்காரர் என்னை மறுபடியும் பார்த்தார். "அட, அங்க இருந்து பையன் தூக்குல வாங்கியாந்து நான் எத்தன நாளு சாப்பிட்டிருக்கறேன். மொளகு ரசம் வெக்கறது நீங்களா? நொம்ப நல்லா இருக்குமுங்க. மொகத்தப் பாத்ததே இல்ல பாருங்க." சொல்லிக்கொண்டே பொட்டலத்தில் அளந்து போட்டார். பிறகு கூடைக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளி மேலே போட்டார்.

அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. லேடீஸ் சீட்டிலும் பிரிக்கவில்லை. அங்கே சேலம் தெரிந்தது, சின்னதாக, வெள்ளை வெள்ளையாக. மேட்டூர் டேம் எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காட்டினேன். ஏதோ மங்கலாகக் கோடு மாதிரி இருந்தது, அது தண்ணீர்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லை என்றே அவரிடம் சொன்னேன்.

மத்தியானம் திரும்பியபோது மெஸ்ஸில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா முகமெல்லாம் வியர்வையும் கரியுமாக ரசச் சட்டியோடு வந்து, நான் எல்லாரையும் கேட்பேனே, அதே கேள்வியைக் கேட்டாள். "என்ன பாத்த கண்ணு?"

"நாலு கல்லும்மா. அப்பறம் ஒரு சரிவு, வயலு. லேடீஸ் சீட்ல நாக்காலி எல்லாம் ஒண்ணுமில்ல, பாறைதான். சேலம் இத்தனூண்டு தெரியுது. டேம் சரியாத் தெரியல."

அம்மா என்னையே பார்த்தாள். "கடுதாசியில இதவிட நல்லா இருந்துச்சே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நான் பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன். கனத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒரு பிடி சேத்திப் போட்டாரா?"

"போட்டாரும்மா."

அதைத் தின்னாமல் மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்தாள். தெருவில் எல்லாருக்கும் ஆளுக்கு நாலு கொடுக்க வேண்டும் என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து பனியையும் அடுப்பையும் தவிர அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. இன்னொரு நாள் இரு, நானே கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சினேன். ஊரில் மாடு கத்திக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "நீ எழுது சாமி. தபால்காரரு படிப்பாரு, நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. கல்லை எழுதினேன், சரிவை எழுதினேன், அவர் எஸ்டேட் கேட்டில் முட்டிக்கொண்டு நின்றதை எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஆறு வருஷத்தில் முதல் முறையாக இன்லண்ட் லெட்டரில் பாதி இடம் காலியாகப் போயிற்று. அப்படியே ஒட்டிப் போட்டேன்.